அமைப்பும் இணைப்பும்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மன்றம் ஒன்று பத்தாண்டுகளைக் கடந்து நிற்பது எளிய செயலன்று. கூட்டம் நடத்த இடம் கேட்டு அலைவதும், பேச வருவோரைப் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்து வருவதும், பத்துப் பேரே வந்திருப்பினும் குறித்த நேரத்தில் கூட்டத்தைத் தொடங்குவதும் ஊதியம் கருதாத உழைப்பாலேயே நடைபெறுகின்றன. இத்தகைய விழாக்களில், அரங்கேறிய கவிதைகளைப் பற்றியும் வெளிவந்த நூல்களைப் பற்றியும் பேசுவோர் பலர். அவற்றைத் தாங்கி நிற்கும் நிருவாகத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். கணக்கும் விதியும் கவிதைக்குப் பகை என்னும் எண்ணம் இலக்கிய அன்பர்களிடையே வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம் எனலாம்.

ஆயின், இலாப நோக்கமின்றித் தொண்டு கருதித் தோன்றிய அமைப்புகள் தளர்வது பெரும்பாலும் கொள்கை தோற்பதனால் அன்று. உள்ளே யார் பொறுப்பு என்பது தெளிவில்லாமையால்தான். ‘இவ்வமைப்பின் பெயரால் கையொப்பமிட உரியவர் யார்?’ என்னும் எளிய வினாவுக்கு ஐயத்துக்கு இடமில்லாத விடை இருக்கும்வரை ஓர் அமைப்பு தானும் நிற்கும். பிற அமைப்புகளோடும் கைகோக்கும். அவ்விடை மங்கும்போது இரண்டும் இயலாமற் போகின்றன. இக்கருத்தை, தமிழறிஞர் அனைவரும் தமதெனக் கருதத்தக்க உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

உத்திரமேரூர் தரும் அளவுகோல்

நிருவாக ஒழுங்கு என்பது அயல்நாட்டிலிருந்து வந்த புதுச்சரக்கு அன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பள்ளி மாணவரும் அறிவர். ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த குடவோலை முறையை அவை கூறுகின்றன. அம்முறையினும் எண்ணிப் பார்க்கத்தக்கவை, பொறுப்புக்கு வரத் தகுதியற்றோர் யாவர் என வகுத்த விதிகள். வாரியப் பொறுப்பை ஏற்றுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்புக்கு வரலாகாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது. கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் அமரலாகாது. வாரியத்தாரின் பொறுப்புக் காலம் 360 நாள்.

அது பிரமதேயம் ஒன்றின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது. பெண்டிர்க்கும் நிலத்தில் உழைத்தோர்க்கும் இடமில்லை. ஆதலின் அதனை மக்களாட்சியின் நிறைவடிவம் எனப் புகழ்வது மிகையாகும். எனினும் அக்கல்வெட்டுகள் மூன்று நெறிகளை ஐயமின்றி உணர்த்துகின்றன. பொறுப்புக்குக் கால வரையறை வேண்டும்; கணக்குக் காட்டாமை குற்றமாகக் கொள்ளப்பட வேண்டும்; உறவும் பொறுப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்றல் கூடாது.

இன்றைய சட்டமும் ஏறத்தாழ இவற்றையே கேட்கிறது. 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்குப் பின்னர், இம்மாநிலத்துக்கெனத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இல் இயற்றப்பெற்றது. அதன்படி, பதிவு பெற்ற சங்கத்துக்கு மூவர்க்குக் குறையாத செயற்குழு வேண்டும். அதன் பொறுப்புக் காலம் மூன்றாண்டுக்கு மிகலாகாது. மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம்; ஆனால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டுதல், கணக்கைத் தணிக்கை செய்வித்தல், உறுப்பினர் பதிவேட்டைப் பேணுதல் ஆகியன கடமைகள். இக்கடமைகளைப் பதிவாளருக்காகச் செய்யும் வெற்றுச் சடங்காகக் கருதும் மன்றங்களே மிகுதி. அவை உண்மையில் யாருக்காக வகுக்கப்பட்டன என்பதனை உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் வரலாறு காட்டும்.

மன்றத்தின் பிறப்பும் பெருமையும்

1964 ஜனவரியில் கீழ்த்திசை ஆய்வாளரின் 26ஆவது அனைத்துலக மாநாடு புதுதில்லியில் கூடியது. அதற்கு வந்திருந்த தமிழாய்வாளரை ஒருங்கு கூட்டித் தனிநாயகம் அடிகளார் முன்னின்று தோற்றுவித்ததே உலகத் தமிழாராய்ச்சி மன்றம். பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசா அதன் தலைவரானார். அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் செயலாளர்களாயினர். எந்த அரசின் ஆணையாலும் அன்றி, அறிஞர்களின் விருப்பத்தால் தோன்றிய அமைப்பு அது. அதற்கெனக் கட்டடமோ நிலையான வருவாயோ இருந்ததில்லை. அதன் செல்வம் அதன் பெயரே.

அப்பெயரின் வலிமை விரைவில் புலப்பட்டது. 1966இல் கோலாலம்பூரிலும், 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிசிலும் மாநாடுகள் நடைபெற்றன. சென்னை மாநாட்டின் பயனாக 1970இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் தோன்றியது. மதுரையில் ஐந்தாம் மாநாடு கூடிய 1981ஆம் ஆண்டிலேயே தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அமைந்தது. அறிஞர் அமைப்பு ஒன்று அரசோடு கைகோத்ததன் விளைவாக, மாநாட்டுப் பந்தல் பிரிக்கப்பட்ட பின்னும் நிலைக்கும் நிறுவனங்கள் கிடைத்தன. கூட்டுறவின் சிறந்த பயன் இதுவே.

அரசோடு முரண் நேர்ந்தபோதும் மன்றம் நின்றது. நான்காம் மாநாட்டைக் கொழும்பில் நடத்த வேண்டும் என்பது அன்றைய இலங்கை அரசின் விருப்பம். யாழ்ப்பாணமே தக்க இடம் என்று கருதியோர் இலங்கைக் கிளையில் இருந்தனர். குழுவுக்குள் கடுமையான விவாதம் நடந்தது, பொறுப்பிலிருந்தோர் மாறினர். இறுதியில், பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் 1974 ஜனவரியில் மாநாடு யாழ்ப்பாணத்தில் கூடியது; ஊர்மக்களே அதனைத் தம் விழாவாக ஏற்றுக்கொண்டனர். இறுதி நாளான ஜனவரி 10 அன்று காவல்துறையின் தலையீட்டின்போது மக்கள் உயிரிழந்த துயரம் இன்றும் ஆறாதது. அத்துயரத்தை நினைவுகூர்வோர் மற்றொன்றையும் நினைத்தல் தகும். அரசின் விருப்பத்துக்கு மாறான முடிவை ஒரு தனிமனிதர் எடுத்திருப்பின் அது அவரோடே போயிருக்கும். அது ஒரு குழுவின் முடிவாக அமைந்தமையால், பொறுப்பாளர் மாறிய பின்னும் நிலைத்தது. விதிமுறை என்பது வலியவர்முன் எளியவர்க்குக் கிடைக்கும் கேடயம்.

பெயர் ஒருவரது, பணம் ஒருவரது

1987இல் கோலாலம்பூரிலும் 1989இல் மொரீசியசிலும் மாநாடுகள் நடந்தன. எட்டாம் மாநாடு 1995 ஜனவரியில் தஞ்சையில் நடைபெற்றது. அம்மாநாட்டுக்கு இலங்கையிலிருந்து வந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி உள்ளிட்ட அறிஞர் சிலர் கலந்துகொள்ள இயலாமல் திருப்பி அனுப்பப்பெற்றனர். மாநாடு மன்றத்தின் பெயரால் நடந்தது. வருவோர் யார், வாராதோர் யார் என்பதனை முடிவு செய்யும் ஆற்றலோ மன்றத்திடம் இல்லை. பெயர் ஒருவரதாகவும் பணமும் அதிகாரமும் மற்றொருவரதாகவும் இருக்கும் கூட்டுறவில் இந்த இடர் எப்போதும் உண்டு.

2009இல் அது வெளிப்படையாயிற்று. ஒன்பதாம் மாநாட்டைக் கோவையில் நடத்தத் தமிழ்நாட்டு அரசு முன்வந்தது. அப்போது மன்றத்தின் தலைவர் ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா. ஆய்வுக் கட்டுரைகளை உருவாக்க அறிஞர்க்கு ஓராண்டேனும் வேண்டும் என்பது அவர் நிலை. அரசு முதலில் 2010 ஜனவரியையும், பின்னர் ஜூனையும் குறித்தது. இசைவு ஏற்படவில்லை. அரசு தன் மாநாட்டை ‘உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு’ என்னும் பெயரில் 2010 ஜூன் 23 முதல் 27 வரை நடத்தியது. கராஷிமா தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

இந்நிகழ்ச்சியில் இரு திறத்தார்க்கும் காரணங்கள் இருந்தன. பெருந்திரளான மக்கள் கூடும் விழாவுக்கு அரசின் கால அட்டவணை ஒன்று. ஆய்வுக்கு வேண்டிய கால அட்டவணை வேறு. மறுக்கும் உரிமையை மன்றம் பயன்படுத்தியது பாராட்டற்குரியது. தன் பெயரை இரவல் தர மறுக்கும் அமைப்பே பெயருடைய அமைப்பு. ஆனால் மறுத்த பின்னர்த் தன் சொந்தக் காலில் நின்று மாநாட்டை நடத்தும் வலிமை மன்றத்துக்கு இல்லை. ஒன்பதாம் மாநாடு 2015இல்தான் கோலாலம்பூரில் கூடியது. எட்டாம் மாநாட்டுக்கும் ஒன்பதாம் மாநாட்டுக்கும் இடையே கழிந்தவை 20 ஆண்டுகள்.

இந்த இடைவெளியின் கேட்டைக் கவிஞர்களும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பல நாடுகளில் சிதறி வாழும் உறுப்பினர், மாநாட்டின்போதுதான் நேரில் ஒருங்கு கூடுவர். அக்கூட்டம் 20 ஆண்டுகள் நடவாதபோது ஒரு தலைமுறை மறைகிறது. புதிய ஆய்வாளர் சேர்வதில்லை. யார் உறுப்பினர், யார் வாக்களிக்க உரியர், யாருடைய பொறுப்புக் காலம் முடிந்தது என்னும் வினாக்களுக்கு ஏட்டில் விடை தேட வேண்டியிருக்கிறது. ஏடு எங்கே உளது என்பதே வினாவாகிறது.

ஒரே எண், இரு மாநாடு

பத்தாம் மாநாடு 2019 ஜூலையில் சிகாகோ நகரையடுத்து நடைபெற்றது. வட அமெரிக்கத் தமிழ்ச்சங்கப் பேரவையின் 32ஆவது ஆண்டு விழா, 1969இல் தோன்றிய சிகாகோ தமிழ்ச் சங்கத்தின் பொன்விழா, உலகத் தமிழாராய்ச்சி மாநாடு ஆகிய மூன்றும் ஒருங்கே நிகழ்ந்தன. ஓர் அமைப்பிடம் ஆய்வுலகப் பெயர். மற்றொன்றிடம் நாடு தழுவிய தொண்டர். மூன்றாவதனிடம் ஊரறிந்த அனுபவம். அரசு ஒன்றின் கருவூலத்தை மட்டுமே நம்பாமல், இலாப நோக்கமற்ற அமைப்புகள் மூன்று தம்முட் கூடி இத்தகைய மாநாட்டை நடத்த முடியும் என்பதற்கு அது சான்றாயிற்று.

ஆயினும் வெளியே கைகோக்கும் திறன் உள்ளே உள்ள ஐயத்தைத் தீர்க்கும் மருந்தாவதில்லை. நான்காண்டுகளுக்குள் மன்றத்தின் உரிமையுடைய பொறுப்பாளர் யார் என்னும் பூசல் முற்றியது. 2023 ஜூலையில், பதினோராவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு என்னும் ஒரே பெயரில் சென்னையில் ஒன்றும் கோலாலம்பூரில் ஒன்றுமாக இரு மாநாடுகள் நடந்தேறின. எப்பக்கம் நேர் என்று தீர்ப்புரைப்பது இவ்வுரையின் நோக்கமன்று. இரு பக்கத்தும் தமிழ்ப்பற்றுடையோரே இருந்தனர். அதுவே இங்கு வருந்தத்தக்க செய்தி. பற்றின்மையால் நேர்ந்த பிளவாயின் பற்றை வளர்த்துத் தீர்க்கலாம். பற்று மிகுந்தோரிடையே நேர்ந்த பிளவைத் தீர்க்க, இருவரும் ஏற்கும் ஓர் ஏடு வேண்டும்.

இதனால் இழந்தவர் யார்? பொறுப்பாளர்க்குப் பெரிய இழப்பில்லை. முதன்முறையாகக் கட்டுரை படிக்க விரும்பிய இளம் ஆய்வாளரை எண்ணிப் பார்க்க. எம்மாநாட்டுக்கு அனுப்புவது என்று அவர் தயங்க வேண்டியிருந்தது. பதினோராவது மாநாட்டில் கட்டுரை படித்ததாகத் தம் தகுதிப் பட்டியலில் எழுதும்போது, அருகே ஊர்ப் பெயரையும் எழுதியாக வேண்டும். 1964இல் பிலியோசாவும் அடிகளாரும் ஈட்டித் தந்த பெயருக்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டுவிட்டது. உறுப்பினர் பதிவேடும் பொதுக்குழு நடவடிக்கைக் குறிப்பேடும் பதிவாளருக்காக வகுக்கப்பட்டவை அல்ல என்பது இப்போது விளங்கும். அவை, இன்னும் பிறவாத ஆய்வாளருக்காகவும் கவிஞருக்காகவும் பேணப்படுபவை.

கூடி முடித்த ஒரு செயல்

இதனோடு ஒப்பிடத்தக்கது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைந்த வரலாறு. அதற்கு வேண்டிய முதல்நிதி 60 இலட்சம் அமெரிக்க டாலர். அமெரிக்காவில் வாழும் தமிழ் மருத்துவர் இருவர் ஆளுக்கு ஐந்து இலட்சம் டாலர் தந்து தொடங்கிவைத்தனர். நிதி திரட்டுவதற்கெனவே தனி அமைப்பு ஒன்று நிறுவப்பெற்றது. பல நாடுகளின் தமிழ்ச் சங்கங்களும் தனியன்பர்களும் சிறுதொகையும் பெருந்தொகையுமாக வழங்கினர். தமிழ்நாட்டு அரசு 2017இல் 10 கோடி ரூபாய் அளித்தது. 2018இல் இலக்கு நிறைவேறியது.

ஒருவரோடொருவர் எல்லாவற்றிலும் ஒத்துப்போகாத சங்கங்கள் இதில் ஒன்றுபட்டது எங்ஙனம்? நோக்கம் ஒன்றே ஒன்று. தொகை முன்னரே அறிவிக்கப்பட்டது. பணம் எங்குச் சேரும் என்பது தெளிவு. பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கே உரியது. ஆகவே பதவிக்கான போட்டிக்கு இடமில்லை. இலக்கு நிறைவேறியதும் திரட்டும் பணி முடிவுற்றது. இணைந்து செயலாற்றுவதற்கு நெஞ்சம் முழுதும் ஒன்றாக வேண்டியதில்லை. செய்யப்போவது எது, செய்வோர் யார், முடிவு எப்போது என்பன ஒன்றானாற் போதும்.

மன்றங்கள் கருதத்தக்கன

ஊரளவில் இயங்கும் இலக்கிய மன்றங்களுக்கு இவ்வரலாறுகள் மிகப் பெரியனவாகத் தோன்றலாம். ஆனால் நோய் ஒன்றே, அளவுதான் வேறு. நடவடிக்கைக் குறிப்பேடு செயலாளர் வீட்டு அலமாரியில் இருக்கும். அவர் இடம் மாறினால் ஏடும் மாறும். நன்கொடை பொருளாளரின் சொந்த வங்கிக் கணக்கில் சேரும். அவர் நேர்மையாளராகவே இருப்பார். ஆயினும் அவர் மறைந்தால் அப்பணம் சட்டப்படி மன்றத்தினுடையதா, வாரிசுகளுடையதா என்னும் வழக்கு எழும். நிறுவியவரே பத்தாண்டும் தலைவராக இருப்பார்; ‘அவரன்றி வேறு யார்?’ என்று உறுப்பினர் அன்போடு கேட்பர். அந்த அன்புக்குரிய கேள்வியே மன்றத்தின் ஆயுளை நிறுவியவரின் ஆயுளோடு முடிச்சிட்டுவிடுகிறது.

இரு மன்றங்கள் கூடி ஒரு நூல் வெளியிடும்போதும் ஒரு கவியரங்கம் நடத்தும்போதும், கைகுலுக்கலோடு நில்லாது ஐந்து செய்திகளை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுதல் நலம். பணத்தைப் பெறுபவர் யார்? கணக்குக் காட்டுபவர் யார்? நூலின் உரிமையும் பதிப்பகப் பெயரும் யாருடையன? எஞ்சிய தொகையும் எஞ்சிய படிகளும் யாரைச் சேரும்? கருத்து வேறுபட்டால் விலகும் வழி எது? இவற்றை நட்பு மலர்ந்திருக்கும் நாளில் எழுதுவது எளிது. நட்பு வாடிய பின் எழுதுவது அரிது.

அயல்நாட்டு அன்பர்களின் உதவியை நாடும் மன்றங்கள் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020இல் திருத்தப்பெற்றது. முன்னர், அனுமதி பெற்ற ஓர் அமைப்பு தான் பெற்ற அயல்நாட்டு நிதியில் ஒரு பகுதியை அனுமதி பெற்ற மற்றோர் அமைப்புக்கு வழங்கலாம். திருத்தத்துக்குப் பின் அவ்வாறு வழங்குதல் தடைசெய்யப்பட்டுள்ளது. பெரிய அமைப்பின் நிழலில் சிறிய அமைப்புகள் இயங்கிய வழி இதனால் அடைபட்டது. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட தமிழர் அனுப்புவதும் சட்டத்தின் பார்வையில் அயல்நாட்டு நன்கொடையே. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வாழ்வோர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அவ்வகையில் சேராது. இவ்வேறுபாட்டை அறியாத நற்செயலும் குற்றமாக முடியக்கூடும்.

இவற்றையெல்லாம் கேட்கும் கவிஞர் ஒருவர், ‘பாட வந்த இடத்தில் பதிவேடு எதற்கு?’ என வினவலாம். பாடுவோர் மாறினும் பாடும் இடம் மாறாதிருக்கவே பதிவேடு. திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். தகுதியறிந்து பொறுப்பளித்தலைப் பற்றிப் பேசுவது புலவர்க்குப் புறம்பான செயலென அவர் கருதவில்லை.

பத்தாண்டு நிறைவில் மன்றத்தின் முன் நிற்கும் கடமை பெரிதன்று; ஆனால் தவிர்க்க இயலாதது. உறுப்பினர் பட்டியலைச் சரிபார்த்துப் பொதுக்குழுவில் படித்தல், பொறுப்புக் காலத்தை வரையறுத்தல், மன்றத்தின் பெயரில் உள்ள கணக்கிலேயே மன்றத்தின் பணத்தை வைத்தல், பத்தாண்டுக் குறிப்பேடுகளைப் படியெடுத்து இரு வேறு இடங்களில் காத்தல், இளையோர் இருவரையேனும் செயற்குழுவில் அமர்த்தி மூத்தோர் அருகிருந்து பழக்குதல் ஆகியவை ஒரே ஆண்டில் செய்து முடிக்கத்தக்கவை. இவற்றைச் செய்த மன்றம் எந்த மன்றத்தோடும் எந்த அரசோடும் அஞ்சாமல் கைகோக்கலாம். வேண்டும்போது அஞ்சாமல் மறுக்கவும் செய்யலாம்.

பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தில், முதற்கவிதைக்கு முன்னர்ப் பத்தாண்டுக் கணக்குப் படிக்கப்படுமாயின், இவ்விழாவுக்கு அதனினும் ஏற்ற நிறைவு வேறில்லை.